அத்தை ஏறி இறங்கிய சாய்தளம்

எங்கள் மாதா கோயிலுக்குச் சாய்தளம் கட்டி முடித்ததும் கொத்தனார் செய்த முதல் காரியம், தன் மொபெட்டை அதன்மேல் ஓட்டிக் காட்டியதுதான். வண்டி உறுமிக்கொண்டு ஏறி வாசலில் போய் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். கோயில் கமிட்டியில் இருந்த அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் தன் தங்கைக்காகக் கேட்டு வாங்கிய வேலை அது.

அந்தத் தங்கைதான் என் அத்தை. போலியோவில் சின்ன வயதிலேயே இரண்டு காலும் போய்விட்டன. கரண்ட் தையல் மெஷினின் பெடலை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்தியே எங்கள் ஏரியா முழுவதற்கும் ப்ளவுஸ் தைத்துக் கொடுத்தவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேர் அவளைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக் கோயிலுக்குள் வைப்பார்கள். பூசை முடிந்து, அந்த இரண்டு பேரும் வெளியே ஊர்க்கதை பேசித் தீர்த்துவிட்டு வரும்வரை அங்கேயே இருப்பாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவளுக்குப் பிரசங்கம் என்றால் உயிர் என்று நான் நினைத்திருந்தேன்.

மொபெட்டுக்கு அடுத்து அத்தை ஏறினாள். பாதிகூடப் போகவில்லை, சக்கரம் பின்னால் உருண்டது. அப்பா ஓடிப்போய்ப் பிடித்தார்.

"மொபெட்டே ஏறுது, இது ஏறாதா? பின்னால ஒரு ஆளு தள்ளுனா போதும்மா" என்றார் கொத்தனார்.

"அதுல பெட்ரோல் இருக்குண்ணே. இதுல நான்தான் இருக்கேன்" என்றாள் அத்தை. "தள்ள ஆளு வேணும்னா எனக்கு எதுக்குச் சாய்தளம்?"

அன்று சாயங்காலமே ஆறாம் வகுப்புக்காரியான என் ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்கச் சொன்னாள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், சரிவு ஐந்து டிகிரியைத் தாண்டக்கூடாது என்று போனில் பார்த்துவைத்திருந்தாள். தன்னுடைய தையல் ஸ்கேலில் என் கோணமானியைத் தலைகீழாக ஒட்டி, அதன் நடுவிலிருந்து நூல் கட்டி, நுனியில் கனத்துக்கு ஒரு இரும்புப் பாபினைத் தொங்கவிட்டாள். சரிவில் இரண்டு செங்கல்லை நிறுத்தி அதன்மேல் ஸ்கேலை வைத்தால் நூல் கணக்குச் சொல்லிவிடும்.

மறுநாள் கமிட்டி ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அளந்தேன். "எழுபத்தாறு டிகிரி!" என்று கத்தினேன்.

கொத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எழுபத்தாறுன்னா அது சுவரு, பாப்பா!"

அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். "அடி லூசு, சமதரையிலயே நூலு தொண்ணூறுலதான் நிக்கும். அதுல இருந்து கழிக்கணும்" என்றாள் அத்தை. கழித்தால் பதினாலு. திரும்ப ஓடிப்போய்ச் சொன்னேன். "பதினாலோ நாப்பதோ, கட்டுனத உடைக்க முடியுமா?" என்று அப்பா என்னை விரட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை தன்னைத் தூக்க விடவில்லை. "நானா ஏறுனா உள்ள வாரேன். இல்லாட்டி இங்கனயே இருக்கேன்" என்று சாய்தளத்தின் கீழே, கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவில் இருந்துகொண்டாள். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. சாமியார் நற்கருணை அப்பத்தை எடுத்துக்கொண்டு அவளுக்காகப் படியிறங்கி வந்தார். அப்பாவுக்கு மானமே போயிற்று.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "எல்லாம் ஏறும், நீ வேணும்னே பண்ற" என்று அவளைப் பிளாஸ்டிக் சேரில் மாற்றிவிட்டு, அப்பாவே சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கால ஊனக் கூடாதுண்ணே" என்றாள் அத்தை.

அப்பா தம் கட்டிப் பார்த்தார். கொஞ்ச தூரம் ஏறியவர் அப்படியே பின்னால் வந்து செருப்புக் குவியலில் விழுந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் திட்டவில்லை. சிவந்துபோன உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே சாய்தளத்தை உடைத்தார்கள்.

புதியது கோயில் சுவரை ஒட்டி நீளமாகப் போய், ஒரு திருப்பம் திரும்பி ஏறியது. கான்கிரீட் போடும்போதெல்லாம் கொத்தனார், "பாப்பா, அந்த நூலக் கொண்டா" என்பார். நான் கழித்துச் சொல்வேன். எனக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல.

முதல் ஞாயிறு. உதவியாக இருக்கட்டுமே என்று நாற்காலியின் பின்னால் கைவைத்தேன். "கைய எடு" என்றாள். தானே உருட்டி ஏறி, நடுவழியில் செத்த நேரம் மூச்சு வாங்கி, உள்ளே போய் முதல் வரிசைக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தினாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிரசங்கம் ஆரம்பித்தது. பாதியில் அத்தை நாற்காலியைத் திருப்பினாள். அத்தனை பேரும் பார்க்க, சாவகாசமாக வெளியே போய்விட்டாள்.

அப்பா முகம் செத்துவிட்டது. நான் ஸ்கேலும் கையுமாகப் பின்னால் ஓடினேன். அத்தை சாய்தளத்தில் இறங்கி, கோயில் கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டிக்காரரிடம் பன்னீர் திராட்சை வாங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னத்த, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான இருக்கேன். பிரசங்கம் நீளமா இருந்துச்சு, யாருக்கும் காத்திருக்காம வந்துட்டேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இதற்காகவா இம்புட்டுப் பாடு? அவள் என் வாயில் ஒரு திராட்சையைப் போட்டுவிட்டு, "ஏன்டி, இறங்குறப்ப எத்தன டிகிரி காட்டுது?" என்று கேட்டாள்.

"ஏறுறப்ப எம்புட்டோ அம்புட்டேதான்."

"இல்லடி. இறங்குறது வேற. போய் அளந்து பாரு."

செங்கல் தேடி எடுத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு இடமாக வைத்து அளந்தேன். எங்கேயும் மாற்றமில்லை. திரும்பி வந்து சொன்னபோது அத்தை வாய் நிறையத் திராட்சையோடு சிரித்தாள். பாவம், அத்தைக்குத் துணியை அளக்கத்தான் தெரியும், கோணக் கணக்கெல்லாம் வராது என்று நினைத்துக்கொண்டேன்.