எழுத்தெண்ணி ஆள் பிடித்தவர்

எழுத்தெண்ணிப் படித்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். எழுத்தெண்ணி ஆள் பிடித்தவரை பிராங்பேர்ட்டில்தான் கண்டேன். அலுவலகங்களைத் துப்புரவு செய்ய ஆள் அனுப்பும் முதலாளி அவர். கழுத்துப்பட்டி இல்லாமல் வெளியே வரமாட்டார். வேலை இருந்தால் எங்கள் எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்புவார். நூற்றறுபது எழுத்தைத் தாண்டினால் இரண்டு செய்திக்குக் காசு என்பதால், உதடு அசைய எண்ணி எண்ணி வெட்டுவார். முதலில் வணக்கம் போனது. பிறகு சம்பளம் போனது.

ஒரு சனிக்கிழமை காலை, கொட்டும் மழையில், வங்கி ஒன்றின் பின்வாசலில் நாற்பது பேர் நின்றோம்.

"ரண்டு பேர் காணும். மற்றவை போங்கோ," என்றார்.

"அண்ணை, அதைச் செய்தியில எழுதியிருக்கலாமே?" என்றேன்.

"எழுதினால் ரண்டு எஸ்எம்எஸ் ஆகிடும் தம்பி. அந்தக் காசை ஆர் தாறது?"

"நாங்கள் வந்த ரெயில் காசு?"

"அது உங்கட செலவெல்லோ," என்றார், பொறுமையாக.

திரும்பும் ரெயிலில் செய்தியை மறுபடி வாசித்தேன். அடியில் அவருடைய முழுப்பெயரும் 'மனேஜிங் டிரெக்டர்' என்ற பட்டமும் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் இருந்தன. அந்தப் பட்டத்தை மட்டும் வெட்டியிருந்தால், முப்பத்தெட்டுப் பேர் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருப்போம்.