களி வேண்டா

தெருமுனை கிளப்பில் "கோல்!" என்று சத்தம் எழுந்தால் போதும், பேச்சி மாவுக் கையோடு ஓடுகிறாள். எல்லாரும் டிவியைப் பார்க்க, இவள் பார்ப்பது ஆட்களை. நரைத்த தலை ஒன்றுகூடத் தப்பாது. "அண்ணே, நெஞ்சு படபடங்குதா? இடது கை வலிக்குதா? எந்திரிங்க, செத்த காத்தாட நில்லுங்க!" பெனால்டி என்றால் கேட்கவே வேண்டாம், கையைப் பிடித்து இழுத்தே வெளியில் விட்டுவிடுவாள். மட்டாஞ்சேரிப் பையன்கள் 'ரெஃப்ரி சேச்சி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். சிரிக்கிறவனுக்கு என்ன தெரியும்?

நான் பக்கத்து வீடு. எனக்குத் தெரியும்.

பேச்சி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் சுப்புராஜ் இங்கே அரிசிக் கிட்டங்கியில் மூட்டை தூக்கியவர். இருபது வருஷமாகக் கொச்சி. மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, பிரேசில் என்றால் உயிர். அவருக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்தபோதுதான், பார்த்துக்கொள்ள இவள் ஊரிலிருந்து வந்தாள். டாக்டர் இவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்: "இனி களி வேண்டா, கேட்டோ!"

மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு. வந்து இறங்கிய பேச்சிக்கோ களி என்றால் கேப்பைக்களிதான். அன்றோடு வீட்டில் களி கிண்டுவதை நிறுத்தினாள். அவர் கேட்டதற்கு, "டாக்டரு களி வேண்டாம்னுட்டாரு. கஞ்சியக் குடிச்சிட்டுப் பேசாம மேச்சப் பாருங்க" என்று டிவிக்கு முன்னால் தானே தலையணை போட்டுக் கொடுத்தாள்.

உலகக் கோப்பையில் பிரேசில் பெனால்டியில் தோற்ற அன்று அதே தலையணையில் சாய்ந்தார். பாவி மனுஷன், எழுந்திருக்கவே இல்லை.

"ஒருநாகூடக் களி குடுக்கலையே சாமி!" என்று டாக்டர் காலில் விழுந்து அழுதாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நர்ஸ் மஞ்சுஷாதான் மெல்லச் சொன்னாள், "சேச்சி, களின்னா பந்துகளி." ஏற்கெனவே பழுதான இருதயம், மேட்ச் மட்டும்தான் காரணம் என்று சொல்லமுடியாது என்றார் டாக்டர். அது காதில் ஏறுமா? "நாந்தேன் கொன்னுட்டேன். அவருக்கு வெவரம் தெரிஞ்சிருந்தா எங்கிட்டச் சொல்லாம இருப்பாரா?" அன்றிலிருந்து இதே புலம்பல்தான்.

போன வாரம் வேலன் சாயாக்கடையிலும் அதையே சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். வேலனுக்குப் பொறுக்கவில்லை.

"மதி, போதும் பேச்சி. அவனுக்கு எல்லாம் தெரியும். 'அந்தக் களி போச்சு, இந்தக் களி கெடச்சுது'ன்னு இந்த பெஞ்சுல இருந்துதான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

பேச்சி சாயா கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். பயந்துபோய் நானும் பின்னாலேயே போனேன். சுவரில் மாட்டியிருந்த அவர் படத்துக்கு நேரே போய் நின்றாள்.

"தெரிஞ்சேவாய்யா செஞ்ச?"

படத்தின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். ஆணியில் ஆடிய படத்தை மறு நிமிஷமே பிடித்து நிறுத்தி, அதில் அவர் நெஞ்சிருக்கும் இடத்தை உள்ளங்கையால் மெதுவாக நீவிவிட ஆரம்பித்தாள்.