படத்தின் முதுகைப் பார்த்தவர்

எங்கள் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் புரூஃப் திருத்தியவர் அவர். எல்லோருக்கும் அவர் புரூஃப் சார்தான். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. சமையல் புத்தகம், சட்டப் புத்தகம், ஆவியுலக ஆராய்ச்சி எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போயின. ஒன்றிலாவது என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் தெரியாது. “படிச்சா பிழை தெரியாதுப்பா” என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு இன்னொரு உத்தியோகம். வீடு மாற்றுகிறவர்களும், அப்பா போனபின் அப்பாவின் அறையை ஒழிக்கிறவர்களும் பழைய சாமான் கடையில் கொண்டுபோய்ப் போடும் படங்களை வாங்குவது. உடைந்த மிக்ஸிக்கும் ஜோடி இல்லாத ஷூவுக்கும் நடுவே சாய்ந்து கிடக்குமே, அந்த ஓவியங்கள்.

வாங்கும் முறை வெகு கறாரானது. படத்தைக் கையில் எடுத்ததும் முகத்தைப் பார்க்க மாட்டார். கவிழ்ப்பார். துணியை முகர்ந்து பார்ப்பார். சட்டத்தின் மூலையை நகத்தால் சுரண்டுவார். அடித்திருப்பது ஆணியா, மெஷின் பின்னா? ஆணி என்றால் துரு துணிக்குள் இறங்கியிருக்கிறதா? மரம் கறுத்திருக்கிறதா, நேற்று வாங்கிய தீக்குச்சி மாதிரி வெளுத்திருக்கிறதா? பின்பக்கம் தேறினால்தான் முன்பக்கத்துக்கு அனுமதிச் சீட்டு. “முன்னாடி யார் வேணா ஏமாத்தலாம். பின்னாடி எவனும் மெனக்கெட மாட்டான்” என்பது அவருடைய சித்தாந்தம். அதை மறுத்துப் பேசும் அளவுக்கு எங்களில் யாருக்கும் விஷயம் தெரியாது.

படம் பிடித்துப் போய்விட்டால் அடுத்த கட்டம்: முகத்தைச் சுளிப்பது.

“என்ன சார், வயித்து வலியா?” என்பார் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாள்.

“இதைப் பாத்தா வராதாம்மா? இது ஆறா, சாக்கடையா?”

“போன வாரம் மலையைப் பாத்து எருமைன்னீங்க.”

“எருமை வரையத் தெரிஞ்சவனா இருந்தா மலையை ஒழுங்கா வரைஞ்சிருப்பானே.”

“அப்ப வெச்சுட்டுப் போங்க.”

“போனாப் போகுது. சட்டத்துக்காக எடுத்துக்கறேன்.”

இருபது வருஷம் ஓடிய நாடகம். வசனம் மாறவில்லை, நடிகர்களும் சலிக்கவில்லை.

வாங்கிய படங்கள் வீட்டில் சுவரோரமாக நின்றன, சுவரைப் பார்த்தபடி. வருகிறவர்கள் நூற்றுப் பத்து முதுகுகளைத் தரிசிக்கலாம். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். நாள் முழுக்க யார் யாருக்கோ “கொஞ்சம் இருங்க, குடுக்கறேன்” என்று சொல்லிவிட்டு வீடு திரும்பும் அந்த அம்மாளிடம் பேச்சு அதிகம் மிச்சமிருக்காது.

“ஒண்ணையாவது நம்ம பக்கம் திருப்பி மாட்டலாமில்ல?” என்று எப்போதாவது கேட்பார்.

“இன்னும் தரம் பிரிச்சு முடியலையே” என்பார் இவர்.

தரம் பிரிப்பதில் கழிந்தவை குளியலறைக் கதவின் பின்னால் சேரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றை அதே கடைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு வள்ளல் முகத்தோடு திரும்புவார்.

ஒரு ஞாயிறு மாலை வேட்டை முடிந்து வந்தபோது அவருடைய நாற்காலியில் ஒரு படம் இருந்தது, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மனைவி சமையலறை வாசலில் கையைத் துடைத்தபடி நின்றார்.

“இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தார். வெளுத்த மரம். மெஷின் பின். நடுக்கட்டையில் ஒரு நீலத் தீற்றல். மூலையில் பாதி கிழிந்த சீட்டு, அதில் 47.

“இது நான் கழிச்ச படமாச்சே. நீ எதுக்கு எடுத்து வெச்சே?”

“முன்னாடி பாருங்களேன்.”

“பின்னாடியே தேறலை. முன்னாடி என்னத்தைப் பாக்கறது?”

“சரி” என்றார் அந்த அம்மாள். டீ போடப் போனார். அடுத்த வாரம் அந்தப் படம் மற்ற ஆறோடு சேர்ந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்று வருஷம் கழித்து, தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே ஐந்து வாரம் படுத்திருந்து அந்த அம்மாள் போய்விட்டார். ரத்தத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். அலமாரியை ஒழுங்குபடுத்த அவர் தங்கை வந்தார்.

“அத்தான், புடவையெல்லாம் யாருக்கு வேணா குடுங்க. அக்கா வரைஞ்ச படத்தை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா?”

“உங்க அக்கா எங்க வரைஞ்சா?”

“விளையாடாதீங்க அத்தான். எட்டு மாசம், ஞாயித்துக்கிழமை தவறாம. நீங்க அந்தப் பக்கம் கிளம்பினதும் இவ இந்தப் பக்கம் பிரஷ்ஷை எடுப்பா. நீங்க கழிச்சுப் போட்ட ஒண்ணு மேல வெள்ளையடிச்சு வரைஞ்சா. புதுசா படத்துணி வாங்கினா மோந்து பாத்தே கண்டுபிடிச்சிடுவீங்களாம்.”

புரூஃப் சார் சுவரோரம் நின்ற முதுகுகளைப் பார்த்தார்.

“உங்ககிட்ட காட்டினாளே! நீங்க முதுகைத்தான் முதல்ல பாப்பீங்கன்னு அந்தப் பக்கமாவே திருப்பி வெச்சாளாம். அத்தான் என்னடி சொன்னார்னு கேட்டேன். தேறலையாம்னு சிரிச்சா.”

அந்தப் படத்தில் என்னதான் வரைந்திருந்தாள் என்று புரூஃப் சார் கேட்டார். தங்கைக்கும் தெரியவில்லை. முடிந்ததும் முதலில் அத்தான்தான் பார்க்க வேண்டும் என்று அக்கா தங்கையிடமும் காட்டவில்லையாம்.

இப்படியாக, முகம் தெரியாத ஒன்றை முதுகு அடையாளத்தை வைத்துக்கொண்டு தேடும் மகத்தான பணி தொடங்கியது. முதல் முயற்சி பழைய சாமான் கடை.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி போனதா? யார் எடுத்தாங்கன்னு எழுதி வெக்க இது என்ன பத்திரப் பதிவு ஆபீஸா சார்?” என்றார் கல்லா அம்மாள். புரூஃப் சாரின் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கி, “தேடித்தான் பாக்கணும்” என்றார்.

தேடினார். சுவரில் படம் மாட்டிய எந்த இடத்தையும் விடவில்லை. முடிதிருத்தும் கடையில் பாதிச் சவரத்தில் எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றினார். பல் மருத்துவமனையில் ஸ்டூல் மேல் நின்றவரிடம் நர்ஸ் வந்து, “சார், உங்க நம்பர் என்ன?” என்று கேட்க, நினைவெல்லாம் படத்தில் இருந்தவர் “நாப்பத்தேழு” என்றார். ஒரு வங்கியில் காவலாளி கையைப் பிடித்து வாசல்வரை மரியாதையாக வழியனுப்பி வைத்தார். பதினான்கு மாதம். அச்சகத்துக்காரர்கள் நாங்களும் எங்கே படத்தைக் கண்டாலும் அவருக்குத் தகவல் கொடுத்தோம்.

அப்படித்தான், வாடகை ஒப்பந்தத்துக்கு நகலெடுக்கப் போன ஜெராக்ஸ் கடையில், இயந்திரத்துக்கு மேலே கண்ணாடி போடாத ஒரு படத்தைக் கண்டு ஃபோன் செய்தேன். “முன்னாடி என்ன இருக்குன்னு மட்டும் சொல்லிடாதே” என்றார். அரை மணியில் வந்தார். வாசலிலிருந்தே தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். பக்கவாட்டில் ஸ்டூலில் ஏறினார்.

“இறக்கிப் பாக்கலாமாம்மா?”

“பாருங்க சார். பல்லி இருக்கும், ஜாக்கிரதை” என்றார் கடைக்கார அம்மாள்.

நீலத் தீற்றல் இருந்தது. சீட்டில் 47 இருந்தது. அவர் கீழே இறங்கி, படத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று பேர் நகலெடுத்துப் போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு திருப்பினார்.

ஒரு அறை. சுவரோரமாக வரிசையாக முதுகைக் காட்டி நிற்கும் படங்கள். ஜன்னல். ஆளில்லாத நாற்காலி, அதன் கைமேல் ஒரு சிவப்புப் பேனா. நாற்காலியின் நான்காவது கால் தரையைத் தொடவில்லை. வெளிச்சம் இடதுபக்கம் இருக்க, நிழலும் இடதுபக்கமே விழுந்திருந்தது. புரூஃப் சாரின் உதடு அசைந்தது. பிழைகளை எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த எண்ணிக்கை பாதியில் நின்றுபோனது.

“படம் பாக்கத் தெரிஞ்சவரா சார் நீங்க?” என்றார் கடைக்கார அம்மாள். “முன்னாடி கடை வெச்சிருந்தவர் விட்டுட்டுப் போனது. ஏதாவது தேறுமா? தேறாதுன்னா சொல்லிடுங்க, நீங்களே எடுத்துட்டுப் போங்க. அந்த இடத்துல எனக்கு ரேட் போர்டு மாட்டணும்.”

நான் குதிக்காத குறை. இருபது வருஷ ஒத்திகை இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நடந்திருக்கிறது. ஆறா, சாக்கடையா என்று கேட்டால் போதும். அவர் முகமும் பழக்கதோஷத்தில் சுளித்தது. முழங்கையால் இடித்தேன். சுளிப்பு கலைந்தது.

“தேறும்மா.”

“நெஜமாவா?”

“ரொம்ப நல்ல படம். அந்த வெளிச்சத்தைப் பாருங்க. ஆள் இப்பதான் எழுந்து போன மாதிரி இல்ல?”

“நாற்காலிக்கு ஒரு கால் கீழ படலையே சார்?”

“அது அவங்க வேணும்னே போட்டது” என்றார் புரூஃப் சார். ஒரு காற்புள்ளிக்குக்கூட வக்காலத்து வாங்காத மனிதர்.

“அப்ப ரேட் போர்டை வெளிய மாட்டிக்கறேன்.”

“எனக்குக் குடுக்கறீங்களா? விலை சொல்லுங்க.”

“நல்லாயிருக்கே சார்! நல்ல படம்னு நீங்களே சொல்லிட்டு, நீங்களே கேக்கறீங்களே!” அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே படத்தை வாங்கி முந்தானையால் துடைத்தார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். என் கால்மேல் ஒரு செருப்பு அழுத்தியது.

தெருவில் வந்து கத்தினேன். “உங்களுக்கென்ன பைத்தியமா? தேறாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா படம் உங்க கையில!”

“ஒரு தடவை சொல்லிட்டேன்ப்பா.”

“சம்சாரம் வரைஞ்சதுன்னாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?”

“சொன்னா பாவம்னு குடுத்துடுவாங்க. இப்ப நல்லாயிருக்குன்னு வெச்சிருக்காங்க.”

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் நகலெடுக்கப் போனார். மின்கட்டண ரசீது, பென்ஷன் புத்தகம், அச்சகத்தில் அவருக்கு எப்போதோ கொடுத்த மெமோ. நகல் வரும்வரை நின்று பார்ப்பார், வந்தபிறகும் நிற்பார். எட்டாவது சனிக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். இயந்திரத்துக்கு மேலே ரேட் போர்டு தொங்கியது.

“உங்களுக்குத்தான் சார் தேங்க்ஸ் சொல்லணும்” என்றார் கடைக்கார அம்மாள். “நீங்க சொன்னதைச் சொன்னேன். நல்ல படத்தை இந்தப் புழுதியில போட்டு வெச்சிருக்கியேன்னு பொண்ணு எடுத்துட்டுப் போயிட்டா. ரெண்டு நாள் பயணம், மடியிலயே வெச்சுக்கிட்டுப் போனாளாம்.”

“எங்க மாட்டியிருக்காங்க?”

“ஹால்ல சார். உள்ள வந்தா நேரா அதுலதான் கண்ணு படும்.”

“நல்லது” என்றார். கொஞ்ச நேரம் ரேட் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நினைவு வந்தவராகக் கையிலிருந்த தாளை நீட்டினார்.

கடைக்கார அம்மாள் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். “சார், இதுல ஒண்ணுமே இல்லையே?”

“பரவாயில்லம்மா. ஒரு காப்பி போட்டுக் குடுங்க.”