செவிக்கல்லு

காதிலிருந்து காற்று விடுவது எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரிந்த வித்தை. மூக்கை இறுகப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு ஊதினால் இடது காது வழியாக ‘ஸ்ஸ்’ என்று காற்று வரும். காதுக்கு நேராகக் கோழியிறகைப் பிடித்தால் இறகு ஆடும். நோம்பி, பண்டிகைக்கு வரும் சித்தி பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். மற்றவர்களால் ஏன் இது முடியவில்லை என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவர்களுக்குச் சாமர்த்தியம் போதாது, அவ்வளவுதான்.

கல்லூரியில் கடைசி வருடம் பிசிக்ஸ் படித்துக்கொண்டே விமானப்படையில் பைலட் வேலைக்கு விண்ணப்பிக்கத் தயாரானபோது, இந்த வித்தை எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. உயரத்தில் காது அடைத்துக்கொண்டால் பைலட்டுகள் மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துகொள்வார்கள் என்று எங்கோ படித்தேன். அடேயப்பா! அவர்களுக்குக் காது திறந்தாலே போதுமாம். எனக்குக் காற்றே வெளியே வருகிறதே! பிறக்கும்போதே பாதி பைலட்டாகப் பிறந்துவிட்டேன் என்று காலேஜ் பஸ்ஸில் தோழியிடம் பீற்றிக்கொண்டேன்.

ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தலைக்கு மேலேயிருந்துதான். கேரள எல்லையோரம் எருத்தேன்பதியில் எங்கள் தக்காளிக் காட்டுக்கு மேலே சூலூர்ப் பக்கமிருந்து போர் விமானங்கள் வந்து திரும்பும். சத்தம் கேட்டால் மாடு மிரளும், அம்மா வைவாள், நான் வெளியே ஓடுவேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. “ஏனம்முணி, மேல இருந்து உழுந்தா எலும்பு கூடக் கெடைக்காது. பேங்குப் பரிச்சை எழுதுனா ஆகாதா?” என்றார். நானும் விடவில்லை. “பேங்குலயே உக்காந்து சாவறதுக்கு மேல இருந்து உழுந்தே சாவறனுங்கப்பா” என்று கத்திவிட்டேன். ஒரு வாரம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

பிறகு என்ன நினைத்தாரோ தெரியாது. நான் விடியலில் கனால் கரையில் ஓடிக்கொண்டிருந்தபோது பின்னாலேயே மொபெட்டை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். “நாய்க தொரத்துது. அதுக்காவத்தான் வாறேன்” என்றார். அன்றிலிருந்து தினமும் நான் முன்னால், அவர் பின்னால். எதிரே வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர், “ஏனுங்க, புள்ளைய எதுக்குங்க வண்டி போட்டுத் தொரத்தறீங்க?” என்று கேட்டார். “பைலட்டுப் பரிச்சைக்குங்க! ஓட்டமெல்லாம் பாப்பாங்களாமா!” என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் முன்னால் ஓடிக்கொண்டே கேட்டேன். அப்புறம் பால் சொசைட்டியில் யாரும் அவரிடமிருந்து தப்பவில்லை. இன்னும் விண்ணப்பமே போடாத பெண்ணுக்கு ஊரே சல்யூட் அடித்தது.

கல்லூரியில் என்.சி.சி. பார்க்கும் மேடம்தான் அந்த யோசனையைச் சொன்னார். “அப்ளை பண்றதுக்கு முன்னாடி கண்ணு, பல்லு, காது எல்லாம் ஒரு தரம் டாக்டர்கிட்ட காட்டிடும்மா. எல்லாத்துலயும் பாஸாகிட்டு மெடிக்கல்ல வெளிய வந்தா தாங்க மாட்டே.” கண் சரி. பல் சரி. காதுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போனேன். எனக்குப் பயமே இல்லை. காதுதானே என் கெட்டிக்காரத்தனம்!

டாக்டர் வயதான மலையாளி. எங்களோடு பாதித் தமிழில் பேசினார். மூக்கைப் பிடித்து ஊதச் சொன்னார். இதற்காகத்தானே காத்திருந்தேன்! ஊதினேன். ‘ஸ்ஸ்’ என்று வந்தது.

“கேட்டுச்சா டாக்டர்? எறகு இருந்தா ஆட்டியே காட்டுவேன்.”

அவர் சிரிக்கவில்லை. விளக்கை வைத்துக் காதுக்குள் வெகு நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“மோளே, இது வித்தை இல்ல. செவிக்கல்லு பொட்டியிருக்கு. அந்த ஓட்டை வழியாத்தான் காத்து வருது.”

செவிக்கல்லு! எங்கள் எல்லைப் பக்கத்தில் அந்த மலையாளச் சொல்லைக் கேட்காத ஆளே கிடையாது. ஆனால் நாங்கள் அதை ஆஸ்பத்திரியில் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் மலையாளம் சார் கையை ஓங்கிக்கொண்டு, “அடிச்சு செவிக்கல்லு பொட்டிக்கும்!” என்பார். பஸ்ஸில் கண்டக்டர் சொல்வார். நாங்கள் ‘செவுட்டுல ஒண்ணு உட்டன்னா’ என்போமே, அதற்கு அவர்கள் சொல்வது இது. சும்மா மிரட்டல் என்றுதான் நினைத்திருந்தேன். செவிப்பறைதான் அது, உண்மையிலேயே காதுக்குள் இருக்கிறது, உண்மையிலேயே பொட்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

“பைலட்டாக முடியுங்களா டாக்டர்?”

“ஆப்பரேஷன் செஞ்சு ஒட்டலாம். கேக்கறதுக்கும் ஒண்ணும் குறையில்ல. ஆனா, பறக்கிற வேலைக்கு இந்தக் காதை எடுக்க மாட்டாங்க மோளே.”

ஐயோ சாமி! இவ்வளவுதானா? ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுமா? கனால் கரை, மொபெட், பால் சொசைட்டி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எனக்கு அழுகை கூட வரவில்லை. அம்மாவிடம் டாக்டர், காதில் ஏதாவது ஊற்றுவது உண்டா என்று கேட்டார்.

“உண்டுங்க. காதுல அப்பப்ப சீழு வரும். வெள்ளிக்கெழமை தவறாம பூண்டெண்ணெ காய்ச்சி ஊத்தி உடுவேனுங்க” என்றாள் அம்மா. நல்ல பேர் வாங்கப்போகிற முகத்தோடு சொன்னாள்.

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “சும்மா விட்டிருந்தா தன்னால மூடியிருக்கும்மா. எண்ணெய்தான் மூட விடல.” பிறகு கேட்டார். “முதல்ல எப்படிப் பொட்டிச்சு? யாராவது அடிச்சதா?”

“உழுந்துட்டாளுங்க” என்றாள் அம்மா. கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஏழாவது படிக்கும்போது விமானம் பார்க்க மோட்டார் ரூம் மேலே ஏறி, விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு அடி பிசகினால் கீழே கிணறு. அப்பா ஓடி வந்து இறக்கிவிட்டு, செவுட்டில் ஒன்று விட்டார். ஒன்றே ஒன்றுதான். அடித்த கையாலேயே என்னை இறுக்கி அணைத்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி காது வலிக்கிறது என்று அழுதேன். அம்மா பூண்டெண்ணெய் காய்ச்சினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எண்ணெயினாலதான்னு சொல்லிக்கலாஞ் சாமி. அவுரு தாங்க மாட்டாரு.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தாங்க மாட்டாராம்! நான் மட்டும் கருங்கல்லா? கையை உதறிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா சொன்னபடியே சொன்னாள். அப்பா சோற்றுத் தட்டின் முன்னாலிருந்து எழுந்துவிட்டார். “கூறு கெட்டவளே! எண்ணெய ஊத்தி ஊத்தி என்ற புள்ள பொழப்பையே கெடுத்துப்போட்டியேடி!” அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அம்மா அத்தனை வசவையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். ஒரு வாய்க்கு நாலு வாய் பேசுகிற என் அம்மா! டாக்டர் சொன்னதை விட இது எனக்குப் பேரதிர்ச்சியாக இருந்தது.

கத்தி ஓய்ந்ததும் அப்பா என்னிடம் கேட்டார். “எந்தக் காதம்முணி?”

“இடதுங்கப்பா.”

என் இடது காதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சோறு ஒட்டியிருந்த தன் வலது கையைப் பார்த்தார். “மோட்டார் ரூம்லயா?” என்றார் மெதுவாக. அம்மா சட்டென்று தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கையைக் கழுவாமலே காட்டுப் பக்கம் இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. ஆனால் அப்பா எதைச் சொல்வதென்றாலும் எனக்கு வலது பக்கமாகச் சுற்றி வந்து நின்றுதான் சொல்கிறார். “ரெண்டு காதும் நல்லாக் கேக்குதுங்கப்பா” என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். “செரி அம்முணி” என்கிறார். அடுத்த முறையும் சுற்றிக்கொண்டுதான் வருகிறார்.