பேராலய வாசலில் கழற்றிய செருப்பு

பலெர்மோ, புரட்டாதி வெள்ளி, மதியம். உடுப்பிட்டியிலிருந்து சுற்றுலா வந்த எங்கள் குழு சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. என் மனைவியை மட்டும் காணவில்லை. உடனே சாப்பாடு என்று வழிகாட்டி சொன்னதை நம்பி, பேராலயத்துக்குள் நுழையுமுன்பே இன்சுலின் போட்டுக்கொண்டவள். அவளுடைய கைபேசி என் பையில் இருக்கிறது.

பரிமாறுபவர் எங்கள் ஊர்ப்பக்கத்துப் புத்தூர்க்காரர். இன்சுலின் விஷயத்தை அவரிடம் சொல்கிறேன்.

"அண்ணை, அக்கா செருப்பைக் கழட்டிப்போட்டே உள்ளை போனவ?"

"ஓம், கோயில் எண்டு. நாங்கள் வெளிக்கிட்டது பக்கத்து வாசலாலை."

"அப்ப முன்வாசலுக்குத்தான் திரும்பிப் போயிருப்பா. வாங்கோ!"

சீனிப் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு ஓடுகிறார். நான் பின்னால் ஓடுகிறேன்.

முன்வாசல் படியில் செருப்போடு இருக்கிறாள். உடம்பெல்லாம் வியர்வை. என்னை யாரோ என்பதுபோலப் பார்க்கிறாள். அவர் சீனியை அவள் வாயில் கொட்டுகிறார். இன்னொரு பொட்டலம். பிறகும் ஒன்று.

"இஞ்சாருங்கோ," என்கிறாள் கடைசியில், "சாப்பிட்டிட்டியளே?"