பௌர்ணமி நண்டு

ஒரகடம் ஏரிக்கரையில் இன்று மாலை, தொழிற்சாலை விளக்குகளுக்கு மேலே எழுந்த முழுநிலவைப் படமெடுத்தேன். சிறுவயதில் முழுநிலவு என்றால் எங்கள் வீட்டில் நண்டு கிடையாது. அம்மாவின் மிளகு மணக்கும் நண்டு ரசம் கேட்டு அழுவேன். ஏரியில் நண்டு பிடிக்கும் அப்பா அசையமாட்டார்.

"நெலா வெளிச்சத்துல நண்டு மேயாதுடா. உள்ள வெறும் ஓடுதான். அமாவாசை வரட்டும்."

"உங்கப்பனுக்கு நண்டுதான்டா காலண்டரு" என்று அம்மா சிரிப்பாள்.

வீடு திரும்பியதும் படுக்கையில் கிடக்கும் அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். இந்த வாரம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

"நண்டு ரசம் வெச்சித் தரட்டாப்பா?"

நிலவையே பார்த்தார்.

"இப்பவா? சதையே இருக்காதுடா. அமாவாசைக்கு வாங்கினு வா."

அமாவாசைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

"சரிப்பா" என்றேன்.