அக்னஸ் டீச்சரின் நேர்கோடு

"தலைய சாய்ங்க. வலது பக்கம். இன்னும் கொஞ்சம்... ராகினி, நீ ரொம்ப சாய்ஞ்சிட்ட, நிமிரு. ஆங், போதும். இப்ப பாருங்க, கோடு நேரா இருக்கா?"

"இருக்கு டீச்சர்!"

மலாக்காவின் பாச்சாங்கில் ஒரு கடைவீட்டு மாடி. கீழே டயர் கடை, மேலே அக்னஸ் டீச்சரின் கணித டியூஷன். மூன்றாம் படிவத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தலையை வலது தோளில் சாய்த்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறார்கள். மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மழைக்காகக் கடைசி பெஞ்சில் ஒதுங்கிய நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் நிமிர்ந்துதான் இருந்தேன். "அண்ணன், நீங்களுந்தான்," என்று டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனை காலம் ஆனாலும் அந்தப் பார்வைக்கு முதுகெலும்பு பயப்படத்தான் செய்கிறது.

விஷயம் இதுதான். மேலே தொங்கும் புரொஜெக்டர் கோணல். கொஞ்சநஞ்சக் கோணல் இல்லை. சுவரில் விழும் படம் வலது பக்கம் இறங்கி, ஒரு பக்கம் பிடிக்க ஆளில்லாத கட்டில் போல நிற்கிறது. ஒரு திருகை நெகிழ்த்தி ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும். அதைச் செய்யாமல் இத்தனை கழுத்துகளையும் கோணலாக்கிப் பாடம் நடத்துகிற பெண்மணியை என்னவென்று சொல்வது? அன்று இரவு கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டே நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஆனால் பாடம்? அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அக்னஸ் டீச்சருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, குள்ளமான உருவம், இடுப்பில் சொருகிய கைக்குட்டை. பலகையில் எழுதிப் போடுவதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. மடிக்கணினியில் வரைபட மென்பொருள் ஒன்று வைத்திருக்கிறார். சமன்பாட்டைத் தட்டினால் சுவரில் கோடு எழுந்து நிற்கும். ஓரத்தில் m என்று ஒரு பொத்தான். அதை விரலால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்தால் கோட்டின் சாய்வு மாறும். "சொன்னா புரியாது லா, இழுத்தாத்தான் புரியும்," என்பார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து இழுக்க வேண்டும், டீச்சர் பக்கத்தில் நின்று வர்ணனை கொடுப்பார்.

"m-அ ஏத்து, ஏத்து. புக்கிட் சீனா ஏறுறோம், மூச்சு வாங்குதா? இப்ப கொற. இன்னும் கொற. சைபர்! பண்டா ஹிலிர் வந்தாச்சி, ஒரே சப்பட்டை, நின்னு காத்து வாங்கு. இன்னும் கொற, மைனஸ். அலாமாக், பிரேக்க புடி, எறக்கம்!"

அல்ஜீப்ரா என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிற என் மகள் தாரணி, இப்போது காரில் மேம்பாலம் ஏறும்போது "m கொஞ்சம் கூடிருச்சிப்பா" என்கிறாள். டீச்சரே கடைத்தெருவிலும் இப்படித்தான். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் தக்காளி விலை கேட்க வாயைத் திறப்பதில்லை. முழங்கையை மடக்காமல் கையைக் கோடு போல நீட்டி, புருவத்தை உயர்த்துவார். மலாய்க்காரக் கடைக்காரரும் பழகிவிட்டார். விலை ஏறியிருந்தால் தன் கையைச் செங்குத்தாகத் தூக்கிக் காட்டுவார். டீச்சர் "ஐயோ, வேணாம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் கத்திரிக்காய் பக்கம் போய்விடுவார்.

வகுப்பின் மூலையில் ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்திருப்பவர் டீச்சரின் கணவர் ரெஜினால்ட். வயர்மேன். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பாதி ஒத்துழைப்பதை நிறுத்திக்கொண்டன. அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் டீச்சர் பள்ளி வேலையை விட்டுவிட்டு இந்த மாடியைப் பிடித்தார். ரெஜினால்ட் பாடத்தைக் கவனிப்பதில்லை. புரொஜெக்டரைத்தான் கவனிப்பார், பெற்ற பிள்ளை மேடையேறியிருப்பது போல.

"நாந்தான் மாட்டுனேன் சார்," என்றார் என்னிடம், மழைக்கு ஒதுங்கிய இன்னொரு நாள். "மலாக்கா பூரா ஃபேன் மாட்டுன கை லா இது. ஒரு நூல் பிசகுமா?"

"கொஞ்சம் கோணலா இருக்கிற மாதிரி..." என்று வாயைக் கொடுத்தேன்.

"அது செவுரு சார்! பழைய பில்டிங். செவுருதான் கோணல்."

நான் மேலே பேசுவதற்குள் டீச்சர் வந்து, "அண்ணன், மழ விட்டிருச்சி," என்று என்னைப் படிக்கட்டு வரை தள்ளிக்கொண்டு போனார். மழை விடவில்லை.

"அவருக்கு அதுதாண்ணே நேரு," என்றார் தணிந்த குரலில். "ஸ்ட்ரோக்குக்கு அப்பறம் சில பேருக்கு இப்புடி ஆவுமாம், டாக்டர் சொன்னாரு. நமக்கு நேரா இருக்கிறது அவருக்குச் சாஞ்சி தெரியும். வீட்டுல மாதா படத்த வந்து பாருங்க, கீழ எறங்கி வர்ற மாதிரி இருக்காங்க. அவரு கட்டில விட்டு எந்திரிக்கவே மாட்டேன்னு கெடந்தாரு. இத மாட்டுறதுக்குத்தான் எந்திரிச்சாரு. அரை நாள் ஆச்சி, வேர்த்து ஊத்துது. எறங்கி வந்து, 'அக்னஸ், நான் இன்னும் வயர்மேன்தான்'னாரு. இப்ப போயி கோணல்னு சொன்னா, மறுபடியும் படுத்துக்குவாருண்ணே. அப்பறம் நான் என்னா செய்வேன்?"

அடுத்த வகுப்பில் டீச்சர் சொல்லும் முன்னாலேயே தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

ஆனால் இந்திராதேவிக்கு யார் சொல்வது? அவர் ராகினியின் அம்மா, பாயா ரும்புட்காரர், வாட்ஸ்அப் குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் வகுப்பு முடிந்து பிள்ளைகளும் ரெஜினால்டும் கீழே இறங்கி, டீச்சரும் நானும் மட்டும் இருந்த நேரம் பார்த்து, ஒரு வரைபடத் தாளை ஆட்டிக்கொண்டு வந்தார். ராகினி பள்ளித் தேர்வில் போட்டது. புள்ளிகள் சரி, கோடு சரி, கணக்கு சரி. அச்சுகள் மட்டும் அச்சடித்த கட்டங்களை மதிக்காமல், வலது பக்கம் அழகாகச் சாய்ந்திருந்தன. ரூலர் வைத்துத்தான் போட்டிருக்கிறாள்.

"மார்க் இல்ல டீச்சர்! அதுகூட போவட்டும். சாப்பிடும்போதும் எம்மவ தலைய சாய்ச்சிக்கிட்டுத்தான் உக்காருறா. கண்ணு பட்டிருச்சின்னு எங்க மாமியாரு எலுமிச்சங்காய சுத்திப் போடுறாங்க. சனிக்கிழமைக்குள்ள இந்த மெசின நேராக்குங்க. இல்லன்னா நான் மட்டும் இல்ல, குரூப்புல உள்ள அத்தன பேரும் புள்ளைங்கள நிப்பாட்டிருவோம்."

டீச்சர் காரணம் சொல்லவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைகள் நின்றால் அந்த வீட்டில் உலை கொதிக்காது. நேராக்கினால் அந்த மனுஷன் படுத்துவிடுவார். கடைசியில் என்னைப் பார்த்து, "அண்ணன், சனிக்கிழம அவர கறிபாப் வாங்க அனுப்பிர்றேன். நீங்க உயரமா இருக்கீங்க," என்றார்.

சனிக்கிழமை நாற்காலி மேல் ஏறி நின்றேன். மேற்பார்வைக்கு இந்திராதேவி. பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். டீச்சர் கட்டங்கள், அச்சுகள் எல்லாவற்றையும் திரையிலிருந்து அணைத்துவிட்டு, m-ஐ சைபரில் வைத்து, ஒரே ஒரு நீலக் கோட்டை மட்டும் சுவரில் விட்டார். நான் திருகை நெகிழ்த்தி, அந்தக் கோடு கூரை விளிம்போடு ஒத்துப்போகும் வரை புரொஜெக்டரைத் திருப்பினேன். "போதும், போதும், நேரு!" என்று இந்திராதேவி கைதட்டினார். ஒரு நிமிட வேலை. இதற்கா இத்தனை கழுத்து வலி?

படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஒரு கால் மிதிக்க, மறுகால் இழுபடும் சத்தம். நான் குதித்து இறங்கி திருப்புளியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ரெஜினால்ட் இடது கையில் கறிபாப் பலகாரப் பையோடு சிரித்துக்கொண்டே வந்தார். சுவரைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு தொட்டது?"

பிள்ளைகள் என் பாக்கெட்டைப் பார்த்தார்கள்.

"கோணலா இருக்கே அக்னஸ். வலது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கிது பாரு." பையைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுத் தன் வலது கையை இடது கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "நான் மாட்டுனதா இது? நான் நேராத்தான மாட்டுனேன்?"

இந்திராதேவி, "அங்கிள், இப்பத்தான்..." என்று ஆரம்பித்தவர், அந்தக் கையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"யாரும் தொடல," என்றார் டீச்சர். "நான் இன்னும் கோட்ட சரியா வைக்கல, அவ்வளவுதான். அங்கயே நில்லுங்க." மடிக்கணினியின் முன் குனிந்து விரலை வைத்தார். சுவரில் நீலக் கோட்டின் வலது முனை மெல்லக் கீழே இறங்கியது. "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"ம்... இன்னும் ஒரு நூல்."

அவர் முகம் தெளிந்து, "ஆங், அதான் நேரு," என்று சொல்லும் வரை, டீச்சரின் விரல் m-ஐ மைனஸ் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது.